சக்களத்தியும் பிணைச்சலும்: மூவர் உறவைச் சொல்லும் சொற்கள்

உயர்தர வகுப்பில் மருதத்திணை படிப்பித்துக்கொண்டிருந்தேன். தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறான், தலைவி ஊடுகிறாள், பாணன் தூது வருகிறான். வழமையான பாடம். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், இதத்தானே இப்ப த்ரப்பிள் எண்டு சொல்ற?" பக்கத்திலிருந்தவளுக்கு அது "ட்ரபிள்" என்று கேட்டிருக்கிறது. "ட்ரபிள்தான், வேற என்ன" என்றாள். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்க முன்னரே மூன்றாவது கேள்வி வந்தது: "அப்ப எங்கட ஆக்கள் ரெண்டு கலியாணம் முடிக்கிறதும் அதுதானா டீச்சர்?"

"அது வேற, இது வேற" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆசிரியர்கள் மணி அடிக்கும் வரைக்கும் சமாளிப்பதற்குச் சொல்லும் பதில் அது. எப்படி வேறு என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. பிறகு யோசித்துப் பார்த்தபோது, மாணவிகள் ஒன்றாகக் கலந்துவிட்ட மூன்று விடயங்களைப் பெரியவர்களாகிய நாமும் எழுத்திலும் மேடையிலும் அப்படியேதான் கலந்து பேசுகிறோம் என்று தெரிந்தது. சங்க இலக்கியத்தின் பரத்தமை, இஸ்லாம் நிபந்தனையோடு அனுமதித்த பலதார மணம், இன்றைய மேற்கின் மூவர் கூட்டுறவு ஆகிய மூன்றும் ஒன்றல்ல. அவை எங்கே பிரிகின்றன என்பதை அவற்றுக்கு வழங்கும் சொற்களைக் கொண்டே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். நிக்காஹ்வுக்கு வெளியே ஆண் பெண் உறவுக்கு மார்க்கத்தில் இடமில்லை என்பது இவ்விதழின் வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்றை விளங்கிக்கொள்வது அதை ஏற்றுக்கொள்வதாகாது. விளங்காமல் பேசுவதுதான் நமக்கு நட்டம்.

புதிய சொற்கள்

முதலில் அந்தப் பிள்ளை கேட்ட சொல். 'த்ரப்பிள்' என்பது மூன்று என்ற ஆங்கிலச் சொல்லையும் சோடி என்று பொருள்படும் 'கப்பிள்' என்ற சொல்லையும் ஒட்டிச் செய்தது. மூவர் தமக்குள் ஒப்புக்கொண்டு, நீடித்த காதலுறவில், பெரும்பாலும் ஒரே வீட்டில் வாழ்வதை அது குறிக்கும். சோடி என்றால் இரண்டு. அதற்குள் மூன்றைத் திணித்ததால் சொல் பிறக்கும்போதே கொஞ்சம் வேடிக்கையாகப் பிறந்துவிட்டது. அத்தகைய உறவில் உள்ளவர்களிலேயே பலர் 'ட்ரையட்' என்ற சொல்லை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

ட்ரையட் என்பதில் மூவரும் ஒருவரோடொருவர் காதலுறவு கொண்டவர்கள். முக்கோணத்தின் மூன்று பக்கமும் அங்கே உண்டு. இதற்கு மாறானது 'வீ' வடிவ உறவு. ஆங்கில எழுத்தான வீயை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒருவர், மேலே இருபுறமும் இருவர். கீழே இருப்பவருக்கு இருவரோடும் உறவு. மேலேயுள்ள இருவருக்கும் தமக்கிடையில் காதலுறவு இல்லை. நடுவில் நிற்பவரைக் கதவின் பிணைச்சலைக் குறிக்கும் 'ஹிஞ்' என்ற சொல்லால் அழைக்கிறார்கள். மற்ற இருவரும் ஒருவருக்கொருவர் 'மெட்டமோர்', அதாவது என் இணையின் இணை. மூவரும் தமக்குள் மட்டுமே உறவு, வெளியே இல்லை என்று உறுதி செய்துகொண்டால் அதற்குப் 'பொலிஃபிடெலிட்டி' என்று பெயர். பலரிடம் காட்டும் விசுவாசம் என்று அதைப் பெயர்க்கலாம். தன் இணை இன்னொருவரோடு மகிழ்வதைக் கண்டு தானும் மகிழ்வது 'கம்பெர்ஷன்'. பொறாமைக்கு எதிர்ச்சொல்லாக உருவாக்கப்பட்டது. இவ்விரு சொற்களும் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1971 முதல் 1991 வரை இயங்கிய கெரிஸ்டா என்ற கூட்டுவாழ்வுக் குழுவிலிருந்து வந்தவை.

இவை எல்லாவற்றுக்கும் குடையாக நிற்கும் சொல் 'பொலியெமரி'. 'பல' என்ற கிரேக்கச் சொல்லும் 'காதல்' என்ற இலத்தீன் சொல்லும் சேர்ந்தது. 1990இல் அமெரிக்காவில் மோர்னிங் குளோரி ஸெல் என்பவர் எழுதிய கட்டுரையொன்றில் இதன் பெயரடை வடிவம் வந்தது. 2006இல் ஒக்ஸ்போர்ட் அகராதி இதைச் சேர்த்துக்கொண்டது. பழைய 'பொலிகமி' என்ற சொல்லோடு இதை ஒப்பிட வேண்டும். அதன் பின்பாதி கிரேக்கத்தில் திருமணத்தைக் குறிக்கிறது. ஒன்றின் வேர் மணம், மற்றதன் வேர் காதல். "அது வேற, இது வேற" என்று நான் வகுப்பில் சொன்னதற்கான முதற்காரணம் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

சட்டங்களும் இச்சொற்களோடு இழுபட்டிருக்கின்றன. பிரேசிலில் 2012இல் ஒரு நொத்தாரிசு மூவரின் கூட்டுறவைப் பதிவுசெய்தார். 2018இல் அந்நாட்டின் தேசிய நீதிப் பேரவை அத்தகைய பதிவுகளைத் தடைசெய்தது. கொலம்பியாவில் 2017இல் மூன்று ஆண்கள் தமது உறவை நொத்தாரிசு முன்னிலையில் பதிந்தபோது, சோடியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லை உடைத்து 'ட்ரியேஹா' என்று புதிதாக ஒரு சொல் வழங்கியது. அமெரிக்காவின் சொமர்வில் நகரசபை 2020இல் இருவருக்கு மேற்பட்டோரின் இல்லக் கூட்டுறவை ஏற்றுக்கொண்டது.

இரண்டு அவசர ஒப்பீடுகள்

நமது மேடைகளில் ஒரு வாதம் அடிக்கடி கேட்கிறது. "ஐரோப்பாக்காரன் இப்பதான் நாங்க 1400 வருசத்துக்கு முந்தி சொன்னதுக்கு வந்திருக்கான்." கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சொற்களை நிறுத்துப் பார்த்தால் நிற்காது. நிக்காஹ் என்பது ஒப்பந்தம். அதில் வலீ உண்டு, சாட்சி உண்டு, மஹர் உண்டு. அதன்பின் நபகா, பிள்ளைகளின் நசப், வாரிசுரிமை எல்லாம் வருகின்றன. ஒரு பெண் இன்னொரு கணவனையும் கொள்வதற்கு அங்கே இடமில்லை. பொலியெமரியில் இந்தக் கடமைகள் எவையும் கட்டாயமில்லை. சம்பந்தப்பட்ட எல்லோரின் சம்மதம் மட்டும் கட்டாயம். இரண்டையும் ஒன்றென்று சொல்பவர், தாம் காப்பாற்ற நினைக்கும் நிக்காஹ்வையே குறைத்துப் பேசுகிறார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு அவசரம் உண்டு. பலதார மணம் முழுவதும் ஆணின் ஆசைக்கு மார்க்கத்தின் முத்திரை, மேற்கின் புதிய உறவோ முழுவதும் சுதந்திரம் என்று எழுதுவது. அங்கும் நடுவில் நிற்பவர் இருவரையும் அலைக்கழிப்பது உண்டு. அதற்கென்றே சொற்கள் பிறந்திருக்கின்றன. ஏற்கெனவே இணைந்த ஒரு சோடி, தங்கள் வசதிக்கு வளைந்து கொடுக்கும் மூன்றாவது பெண்ணைத் தேடினால் அவளை 'யூனிகோர்ன்' என்பார்கள். கதையில் மட்டும் உள்ள ஒற்றைக்கொம்புக் குதிரை. கிடைக்காத ஒன்றைத் தேடுகிறார்கள் என்ற கிண்டல் அதில் இருக்கிறது. சுதந்திரமாகப் பேசும் இடத்திலும் மூன்றாவதாக வருபவளுக்குத்தான் இந்தப் பெயர் விழுகிறது.

வடிவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நம்மூரில் இரண்டு வீடு நடத்தும் மனிதரின் குடும்பம் ட்ரையட் அல்ல, வீ. அப்படியானால் அந்த வீயின் மூன்று முனைகளுக்கும் தமிழ் என்ன பெயர் வைத்திருக்கிறது?

பெண்ணுக்குப் பல பெயர், ஆணுக்கு ஒன்றுமில்லை

மேல்முனைகள் இரண்டுக்கும் பெயர்கள் நிறையவே உண்டு. மூத்த தாரம், இளைய தாரம், மூத்தாள், இளையாள், மாற்றாள், சக்களத்தி. தொல்காப்பியம் இவர்களைத் தொன்முறை மனைவி என்றும் பின்முறை வதுவையால் வந்தவள் என்றும் முறை வைத்துப் பேசுகிறது. மணத்துக்கு வெளியே உள்ளவளுக்கு உரையாசிரியர்கள் இன்னும் நுணுக்கமாகப் பெயர் பிரித்தார்கள். காமக்கிழத்தி, காதற்பரத்தை, இற்பரத்தை, சேரிப்பரத்தை என்பன அவை. நடுவில் நிற்பவன்? அவன் எல்லா இடத்திலும் தலைவன். மனையில் இருந்தாலும் தலைவன், பரத்தை வீட்டிலிருந்தாலும் தலைவன். பெண்ணின் இடம் மாறினால் பெயரும் மாறுகிறது. ஆண் இடம் மாறினாலும் பெயர் மாறுவதில்லை.

சக்களத்தி என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சகக்கிழத்தி என்பதன் மரூஉ அது என்பார்கள். கிழமை என்றால் உரிமை. கிழத்தி உரிமையுடையவள். அப்படியானால் சகக்கிழத்தி என்பது சம உரிமைக்காரி. சொல்லின் எலும்பில் பகை இல்லை, உரிமைதான் இருக்கிறது. ஆனால் வழக்கில் சக்களத்திப் போராட்டம் என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாற்றாள் என்பதிலோ ஒளிவுமறைவே இல்லை. மாற்றார் என்றால் பகைவர்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சமஸ்கிருதத்தில் சபத்னீ என்றால் ஒரே கணவனை உடையவள். அதிலிருந்து சபத்ன என்ற ஆண்பாற்சொல் பிறந்து எதிரி என்ற பொருளைப் பெற்றது. அரபியில் சக மனைவிக்கு ளர்ரா என்பர். ளரர் என்றால் தீங்கு, அதே வேர். மூன்று பெரிய மொழிகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று குடும்பங்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. நோவை இரண்டு பெண்களுக்கும் நடுவில் வைத்துவிட்டு, நடுவில் நிற்கும் ஆணைச் சொல்லுக்கு வெளியே அனுப்பிவிட்டன.

புதிய ஆங்கிலச் சொற்களில் எனக்கு மதிப்பாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான். அவை நடுவில் நிற்பவருக்குப் பெயர் வைத்தன. பிணைச்சல் என்றதும், கதவு கிறீச்சிடுவதற்குக் காரணம் இரண்டு பலகைகளும் அல்ல என்று உடனே தெரிகிறது. மருதப் பாடல்களில் வாயில் உண்டு, வாயில் மறுத்தல் உண்டு. தலைவி கதவடைக்கிறாள், பாணனைத் திருப்பி அனுப்புகிறாள். தலைவனின் ஒழுக்கத்தை அவள் நன்றாகவே ஏசுகிறாள். ஏசலாக இருந்ததேயொழிய அது ஒரு பெயராக ஆகவில்லை.

நவீன காலத்திலும் நிலை பெரிதாக மாறவில்லை. பாலச்சந்தரின் 'சிந்து பைரவி' (1985) படத்தின் தலைப்பு இரண்டு பெண்களின் பெயர். சேர்த்தால் ஒரு இராகத்தின் பெயர். இருவருக்கும் நடுவில் நின்ற பாடகனின் பெயர் தலைப்பில் இல்லை. மட்டக்களப்பு மண்ணில் பிறந்த பாலு மகேந்திரா எடுத்த 'ரெட்டைவால் குருவி' (1987) மட்டும் ஆணுக்குப் பெயர் வைத்தது. ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தியையும் மணந்தவனின் கதை அது. ஆனால் ரெட்டைவால் என்பது குறும்புக்காரப் பிள்ளைக்கு நாம் செல்லமாகச் சொல்லும் சொல். ஆணுக்குக் கடைசியில் கிடைத்த பெயரும் கொஞ்சலாகவே கிடைத்தது. படமும் நகைச்சுவைப் படம்.

பிள்ளை வழியே வரும் உறவு

ஆயினும் தமிழ் இன்னொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. விமர்சகர்கள் இதை அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் மாதவியும் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. காவியம் முழுக்க அவர்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு, முகம் பார்க்க மட்டும் விடவில்லை. மணிமேகலைக்கு வந்தால் மாதவி தன் வயிற்றில் பிறந்த மகளைக் கண்ணகியின் மகள் என்றே சொல்கிறாள். கோவலனின் மகள் என்பதைவிடக் கண்ணகியின் மகள் என்பதையே அவள் முன்வைக்கிறாள். கணவன் வழியே பகையாக வேண்டிய இருவர் மகள் வழியே உறவாகிறார்கள். 'சிந்து பைரவி'யின் முடிவிலும் சிந்து தன் பிள்ளையைப் பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அங்கே விலையையும் பெண்ணே கொடுக்கிறாள் என்ற குறை இருக்கிறது. இருந்தாலும் வழி அதே வழி.

நமது பேச்சுவழக்கிலும் இது உண்டு. பெரியவர்கள் இளையாள் என்றும் ரெண்டாம் தாரம் என்றும் சொல்லும் பெண்ணைப் பிள்ளைகள் சாச்சி என்பார்கள், சின்னும்மா என்பார்கள். சாச்சி உம்மாவின் தங்கச்சி. அந்தச் சொல் பிள்ளையின் வாயில் விழுந்தவுடன் இரண்டு பெண்களும் சகோதரிகளாகிவிடுகிறார்கள். நபிகளாரின் மனைவியரைப் பற்றி வரலாற்று நூல்களில் வரிசைக் கணக்கு இருக்கிறது. ஆனால் உம்மத் அவர்களை அழைப்பது வரிசை எண்ணால் அல்ல. உம்மஹாதுல் முஃமினீன், விசுவாசிகளின் அன்னையர். அங்கும் உறவுச்சொல் பிள்ளைகளின் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

கண்டிச் சிங்களவரிடையே சகோதரர் இருவர் ஒரு மனைவியோடு வாழும் வழக்கம் இருந்தது. பிள்ளைகள் இருவரையும் தகப்பன் என்றே அழைத்ததை 1681இல் வெளிவந்த தம் நூலில் ரொபர்ட் நொக்ஸ் குறித்திருக்கிறார். அதற்குச் சிங்களத்தில் வழங்கிய பெயர் 'ஏககெய் கேம', ஒரே வீட்டில் சாப்பிடுதல். ஆணையும் பெண்ணையும் அச்சொல் சுட்டவில்லை, வீட்டையும் சோற்றையும்தான் சுட்டுகிறது. 'மெனாஜ் ஆ த்ருவா' என்ற பிரெஞ்சுத் தொடருக்கும் நேர்ப்பொருள் மூவர் குடித்தனம் என்பதே. இன்று ஆங்கிலத்தில் அது படுக்கையறைச் சொல்லாகிவிட்டது. ஆங்கிலேயர் 1859இல் கண்டி விவாகச் சட்டத்தின் மூலம் கண்டி வழக்கத்தைத் தடைசெய்தார்கள். வீடு என்ற பொருளை ஒரு சொல் இழந்தால் எவ்வளவு மலிந்துபோகும் என்பதற்கு அந்தப் பிரெஞ்சுத் தொடர் போதும்.

நம்மிடம் இருந்து நாம் எடுக்காத சொற்கள்

சமூகத்தின் பேச்சு ஆணைச் சொல்லுக்கு வெளியே வைத்தது என்றேன். குர்ஆன் அப்படிச் செய்யவில்லை. சூறா அந்நிஸாவின் 3ஆம் வசனம் அனுமதியை நீதியோடு கட்டுகிறது. 129ஆம் வசனம் முழு நீதி உங்களால் இயலாது என்று சொல்லி, ஒருத்தியின் பக்கம் முற்றாகச் சாய்ந்து மற்றவளைத் தொங்கவிடப்பட்டவளாக விட்டுவிட வேண்டாம் என எச்சரிக்கிறது. அங்கே வரும் சொல் முஅல்லகா. மனைவியாகவும் இல்லாமல் விடுபட்டவளாகவும் இல்லாமல் நடுவில் தொங்குபவள். அச்சொல் பெண்ணின் நிலையைச் சொல்கிறது, ஆனால் பேச்சு ஆணை நோக்கியது. தொங்கவிட்டவன் யார் என்பதில் ஐயமே இல்லை. பிக்ஹ் நூல்களில் கஸ்ம் என்று தனிப் பகுதி உண்டு. மனைவியரிடையே நாட்களையும் இரவுகளையும் பங்கிடும் கணவனின் கடமை அது. வேறெங்கும் பெயரில்லாத நடுமுனைக்கு இங்கே கடமையாகவே பெயர் இருக்கிறது.

இப்போது கேட்கிறேன். அனுமதியைச் சொல்லும் 'நாலு' என்ற எண் நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். கஸ்ம் எத்தனை பேருக்குத் தெரியும்? சக்களத்தி என்ற சொல் நம் உம்மாமாரின் வாயில் இருக்கிறது. முஅல்லகா என்ற சொல் அரபு மத்ரஸாவின் வாசலைத் தாண்டி வரவில்லை. அனுமதியின் சொல்லைப் பேச்சுத் தமிழுக்கு எடுத்துவந்தோம், பொறுப்பின் சொல்லை அரபியிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

சட்டத்திலும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, மனைவியுள்ள ஒருவர் மறுமணம் செய்ய எண்ணினால் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னர் காழிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். சட்டம் எழுதப்பட்டபடி அங்கேயுள்ள சொல் அறிவித்தல். சம்மதம் என்ற சொல் இல்லை. 2009இல் அமைக்கப்பட்டு 2018இல் அறிக்கை கையளித்த சலீம் மர்சூப் குழு முதற்கொண்டு இச்சட்டம் பற்றி நடந்த விவாதம் இவ்விதழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. அதற்குள் நான் போகவில்லை. தமிழ் படித்தவள் என்ற அளவில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அறிவித்தல் என்பது கேட்பவர் வாய் திறக்கத் தேவையில்லாத சொல். சம்மதம் என்பது கேட்பவர் வாய் திறந்தாலொழிய நிறைவேறாத சொல். மூவர் உறவு பற்றிய மேற்கின் புதிய கலைச்சொற்கள் எல்லாமே இரண்டாவது சொல்லின் மேல் நிற்கின்றன. நமது மார்க்கத்தில் நிக்காஹ்வுக்கே பெண்ணின் சம்மதம் கேட்கப்படுகிறது. அவ்வளவு மதிப்புள்ள சொல், அவளுடைய வாழ்க்கை பாதியாகப் பிரியும் நாளில் எங்கே போகிறது என்று கேட்பது மேற்கைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல.

எப்படித் தமிழாக்குவது

மொழிபெயர்ப்பாளருக்கும் ஆசிரியருக்கும் இச்சொற்கள் நாளை தேவைப்படும். எனவே சில முன்மொழிவுகள். ட்ரையட்டுக்கு மூவரிணை எனலாம். பலதார மணம் என்று மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது. தாரம் என்றால் மனைவி, அங்கே தாரமும் இல்லை, மணமும் இல்லை. ஹிஞ் என்பதற்குப் பிணைச்சல் என்ற நம் தச்சரின் சொல்லே போதும். மெட்டமோருக்கு இணையின் இணை. சக்களத்தி என்று பெயர்த்தால் இல்லாத பகையை உள்ளே கொண்டுவந்துவிடுவோம். கம்பெர்ஷனுக்கு மணிமேகலை அறிந்த பௌத்தச் சொல்லான முதிதை ஓரளவு பொருந்தும். பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல். த்ரப்பிளை அப்படியே விட்டுவிடலாம், அது நீண்ட நாள் நிற்கும் சொல்லாகத் தெரியவில்லை.

வகுப்பில் எல்லோரும் சிரித்த அன்று ஒரு பிள்ளை சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, தன் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பயிற்சிக் கொப்பியோடு என்னிடம் வந்தாள். "டீச்சர், எங்கட வாப்பாட மற்ற வீட்டில இருக்கிறவங்கள என்னெண்டு எழுதுற?" நான் படித்த பரத்தை, கிழத்தி, பின்முறை வதுவை ஒன்றும் அந்த இடத்தில் உதவவில்லை. "நீங்க என்னெண்டு கூப்பிடுற மகள்?" என்று கேட்டேன். "சாச்சி எண்டுதான்." "அப்ப அதையே எழுதுங்க."

அவள் போய்விட்டாள். அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். எனக்குப் போதவில்லை. பிள்ளை தன் பங்குக்கு ஒரு நல்ல சொல்லைக் கண்டுபிடித்து அந்த வீட்டை ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய வாப்பாவுக்கு அவள் எழுத வேண்டியிருந்த சொல் மட்டும் மாறவே இல்லை. மருதத்திணையின் தலைவனைப் போல, அவர் இரண்டு வீட்டிலும் வாப்பாதான். அந்தப் பெயருக்குள் கஸ்மும் இருக்கிறது என்று அவருக்குச் சொல்வது பிள்ளையின் வேலை அல்ல. மிம்பரில் நிற்பவர்களின் வேலை, நம்மைப்போல எழுதுபவர்களின் வேலை.